வீட்டில காஸ் ஃபேர்னஸ் பூட்டேக்க நீங்கள் செய்யவேண்டியதும் தொடக்கூடாததும்

ரொறன்ரோ பக்கம் புதுசா வீடு வேண்டின ஆக்கள் என்னட்ட அடிக்கடி கேக்கிற கேள்வி இது, "அண்ணை, பழைய ஃபேர்னஸை கழட்டிப்போட்டு புதுசு பூட்டோணும், வீடியோ பார்த்து நாங்களே செய்யலாமோ?" எண்டு. வேண்டாம். ஃபேர்னஸ் எண்டது காஸை எரிச்சு வீடு முழுக்கச் சூடு காத்து விடுற மெசின், அதின்ர காஸ் பைப்பிலயும் புகை போற குழாயிலயும் நீங்கள் கை வைக்கவே கூடாது. ஒன்ராறியோவில அது ரி.எஸ்.எஸ்.ஏ (மாகாணத்தின்ர தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பு) லைசன்ஸ் உள்ளவை செய்யிற வேலை, வீட்டு ஃபேர்னஸுக்கு ஜி2 எண்ட காஸ் வேலை லைசன்ஸ் காணும். ஆனா அவர் வாறதுக்கு முதலும், வேலை நடக்கேக்கயும், அவர் போனாப் பிறகும் வீட்டுக்காரர் செய்யிற வேலை கனக்க இருக்கு, அதை விட்டா நல்ல ஃபேர்னஸும் ஆபத்தாகும். அதைத்தான் படிப்படியா எழுதுறன்.

படி 1: ஆளைத் தெரிவு செய்யிறது

கதவைத் தட்டி "உங்கட ஃபேர்னஸ் பழுதாப்போச்சு, இப்பவே கையெழுத்து வையுங்கோ" எண்டு ஆராவது வந்தால் கதவைச் சாத்துங்கோ. 2018 மார்ச்சில இருந்து நீங்கள் கூப்பிடாமல் வந்து வீட்டு வாசல்ல ஃபேர்னஸ் கொன்ராக்ற் எழுதுறதுக்கு ஒன்ராறியோவில தடை இருக்கு. கொன்ராக்ரர் பதிஞ்சிருக்கிறாரோ எண்டு ரி.எஸ்.எஸ்.ஏ இணையத்தில தேடிப் பாருங்கோ, வாற ஆளின்ர லைசன்ஸ் காட்டையும் கேளுங்கோ. கேக்கிறதில வெட்கம் ஒண்டும் இல்லை, நல்ல வேலைக்காரர் கோவிக்க மாட்டார்.

படி 2: சைஸ்

இதிலதான் கனபேர் பிழை விடுறவை. பழைய ஃபேர்னஸில 1,00,000 பி.ரி.யூ (ஒரு மணித்தியாலத்தில எரிக்கிற சூட்டின்ர அளவு) எண்டு கிடக்கு, அப்ப புதுசும் அவ்வளவு வேணும் எண்டு நினைக்கிறது. பழசு 80 வீதம் எபிசியன்சி எண்டால் வீட்டுக்குள்ள வந்த சூடு 80,000 தான், புதுசு 96 வீதம் எண்டால் 80,000 போட்டாலே 76,800 வந்திடும். அதோட யன்னல் மாத்தி, மேல அற்றிக்கில இன்சுலேசன் போட்டிருந்தால் இன்னும் குறையத் தேவைப்படும். பெருசா போட்டால் கொஞ்ச நேரம் எரிஞ்சு நிண்டு, திரும்ப எரிஞ்சு நிண்டு, ஒரு அறை கொதிக்க மற்ற அறை குளிரும், சாமானும் கெதியாப் பழுதாகும். அதால வீட்டை அளந்து ஹீற் லொஸ் கணக்கு, அதாவது வீட்டில இருந்து எவ்வளவு சூடு வெளிய போகுது எண்ட கணக்குப் பார்த்துத் தரச்சொல்லி கேளுங்கோ. பழைய ஸ்ரிக்கரைப் பார்த்து சைஸ் சொல்லுற ஆளிட்ட குடுக்காதேங்கோ.

படி 3: இடத்தை ஆயத்தப்படுத்துறது

பேஸ்மன்ற்றில ஃபேர்னஸைச் சுத்தி இருக்கிற பெட்டி, பெயின்ற் ரின், பெற்றோல், தின்னர் எல்லாத்தையும் எடுங்கோ. ஆள் நிண்டு வேலை செய்ய முன்பக்கம் இடம் வேணும், பிறகும் அந்த இடத்தை வெறுமையா வைச்சிருக்கோணும்.

படி 4: குழாய் எங்க வெளிய போகுது

இதில நான் கொஞ்சம் நிக்கப்போறன், ஏனெண்டால் நான் பட்டனான். எங்கட முதல் வீட்டில பூட்டின ஆள் காத்து உள்ள எடுக்கிறது, புகை வெளிய விடுறது எண்ட ரெண்டு வெள்ளைக் குழாயையும் பக்கச் சுவரால நிலத்துக்கு ஒரு சாண் மேல விட்டிட்டுப் போட்டார், எனக்கும் விளங்கேல்லை. பெப்ரவரியில ஒரு இரவு ஸ்னோ கொட்டி காத்தும் அடிச்சு அந்தப் பக்கம் குவிஞ்சிட்டுது, விடிய மூண்டு மணிக்கு பிள்ளையள் குளிருது எண்டு எழும்பீட்டினம். கீழ போய்ப் பார்த்தால் புகையை வெளிய தள்ளுற சின்ன ஃபான் சுத்துது, ஒரு கிளிக், நிக்குது, திரும்பச் சுத்துது. வெளிய போய் கையால ஸ்னோவைத் தோண்டினாப் பிறகுதான் எரிஞ்சது. காத்து ஓட்டம் இல்லையெண்டால் எரியவிடாமல் நிப்பாட்டுற பிரஷர் சுவிச் ஒண்டு உள்ளுக்க இருக்கு, அண்டைக்கு எங்களைக் காப்பாத்தினது அதுதான்.

அதால, குழாய் வாய் ஸ்னோ வாற மட்டத்துக்கு மேல ஆகக்குறைஞ்சது 12 இஞ்சி இருக்கோணும், யன்னல், காத்து உள்ள எடுக்கிற துவாரம் இதுகளுக்கு எவ்வளவு தூரம் எண்டது மானுவலில இருக்கும், டேப் பிடிச்சுப் பாருங்கோ. குழாயில எஸ்636 (புகைக்குழாய்க்கான கனடாத் தரம்) எண்டு அச்சடிச்சிருக்கோணும், தண்ணி போற பைப் சரிவராது. ஃபேர்னஸ் பக்கம் சாய்வா வரோணும், ஒரு அடிக்கு கால் இஞ்சி, இல்லாட்டி புகை குளிர்ந்து உள்ள ஊறுற தண்ணி தேங்கி நிண்டு அடைக்கும்.

படி 5: சுடுதண்ணி ராங்கை மறக்காதேங்கோ

பழைய ஃபேர்னஸும் சுடுதண்ணி ராங்கும் ஒரே சிம்னியால புகை விட்டிருந்தால், ஃபேர்னஸைக் கழட்டினாப் பிறகு அந்தப் பெரிய சிம்னி ராங்குக்கு மட்டும் கூடிப்போகும். சிம்னி வடிவாச் சூடாகாது, புகை மேல ஏறாமல் வீட்டுக்குள்ள திரும்பலாம். லைனர் (சிம்னிக்குள்ளால விடுற சின்னக் குழாய்) போடோணுமோ எண்டு வேலை தொடங்க முதலே கேளுங்கோ. விலை குறைச்சுச் சொல்லுற கொட்டேசனில இந்த வரி கனதரம் இருக்காது, அதைத் தேடிப் பாருங்கோ.

படி 6: காஸ் லைன், பக்கத்தில நிண்டு பார்க்கிறது

ஃபேர்னஸுக்கு எண்டு தனி வால்வ் கைக்கு எட்டுற இடத்தில இருக்கோணும். வால்வுக்கு இங்கால கீழ தொங்கிற சின்ன பைப் துண்டு ஒண்டு, அது ஊத்தை விழுந்து தங்கிற இடம். மூட்டுகளில சோப்புத்தண்ணி பூசேக்க கிட்டப் போய்ப் பாருங்கோ, கசிவு இருந்தால் மூட்டு விளிம்பில கடுகளவு குமிழி ஒண்டு மெதுவா ஊதி பெருசாகும், உடையும், திரும்ப அதே இடத்தில வரும். அப்பிடி வந்தால் திருப்பிச் செய்யச் சொல்லுங்கோ. காஸ் பிரஷரை மீற்றர் வைச்சு அளந்தவரோ எண்டும் கேளுங்கோ, வழமையா இயற்கை காஸுக்கு மனிபோல்டில (நெருப்புக்கு காஸைப் பிரிச்சு விடுற குழாய்) 3.5 இஞ்சி தண்ணி மட்டம் எண்டு ஃபேர்னஸில ஒட்டியிருக்கிற பிளேற்றில இருக்கும், காஸ் பிரஷரை அப்பிடித்தான் அளக்கிறது.

படி 7: முதல் தரம் எரியிறது

தேர்மொஸ்ராற்றைக் கூட்டினதும் முதல் சின்ன ஃபான் சுத்தும், பிறகு கிளிக் எண்டு கேக்கும், நெருப்பைப் பத்தவைக்கிற இக்னைற்றர் செம்மஞ்சளாச் சிவக்கும், வால்வ் திறந்து நெருப்பு வரிசையாப் பிடிக்கும், கொஞ்சம் பொறுத்துத்தான் பெரிய ஃபான் காத்தை விடும். நெருப்பு நீலமா இருக்கோணும். மஞ்சளா அலைஞ்சால் விடாதேங்கோ, அந்த இடத்திலயே நிப்பாட்டச் சொல்லுங்கோ. உள்ள போற காத்துக்கும் வெளிய வாற காத்துக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தை அளந்து, பிளேற்றில போட்டிருக்கிற எல்லைக்குள்ள இருக்கோ எண்டு காட்டச்சொல்லுங்கோ.

படி 8: காபன் மொனொக்சைட் அலாரம்

இயற்கை காஸில மணத்துக்கு எண்டே ஒரு சாமான் கலக்கிறவை, அதால கசிஞ்சால் மூக்குக்குத் தெரியும். காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. 2008 டிசம்பரில ஒன்ராறியோ வூட்ஸ்ரொக்கில ஒரு வீட்டில தாய் தகப்பன் ரெண்டு பிள்ளையள் எண்டு ஹோக்கின்ஸ் குடும்பம் முழுக்க இதால செத்துப்போச்சுது, காஸ் ஃபயர்பிளேஸின்ர புகைக்குழாய் அடைபட்டிருந்தது. அதுக்குப் பிறகு, 2013 இல வந்ததுதான் இந்த அலாரத்துக்கான ஒன்ராறியோவின்ர ஹோக்கின்ஸ் ஜின்யாக் சட்டம். 2026 ஜனவரியில இருந்து படுக்கை அறையளுக்குப் பக்கத்தில மட்டும் இல்லை, ஒவ்வொரு மாடியிலயும் அலாரம் வேணும். பேஸ்மன்ற்றை வாடகைக்குக் குடுத்திருக்கிற ஆக்கள், அங்க இருக்கிற பிள்ளையளும் உங்கட பிள்ளையள் மாதிரித்தான், அங்கயும் பூட்டுங்கோ.

வீட்டில ஒரேயடியா எல்லாருக்கும் தலையிடி, சத்தி வாற மாதிரி இருந்து வெளிய போனதும் சுகமானால், உள்ள திரும்பிப் போகாமல் 911 அடியுங்கோ. காஸ் மணம் வந்தால் லைற் சுவிச்சைக் கூடத் தொடாமல் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வெளிய போய், அங்க நிண்டு அடியுங்கோ.

பிறகு

பேர்மிற், வொறன்ரி, அளந்த எண்கள் எழுதின தாள் எல்லாத்தையும் ஒரு பிளாஸ்ரிக் உறையில போட்டு ஃபேர்னஸ் பக்கத்தில ஒட்டிவிடுங்கோ. ஒரு இஞ்சி பில்ரரை மாசம் ஒருக்கா பாருங்கோ, அதில இருக்கிற அம்புக்குறி ஃபேர்னஸ் பக்கம் பார்க்கோணும். வருசம் ஒருக்கா, செப்ரெம்பரிலயே, குளிர் தொடங்க முதல் லைசன்ஸ் உள்ள ஆளைக் கூப்பிட்டு சேர்விஸ் செய்யுங்கோ. ஸ்னோ கொட்டின அண்டைக்கு வாசலை வழிக்கிற அதே சவலோட பக்கச் சுவருக்கும் ஒருக்கா போய், அந்த ரெண்டு குழாயின்ர வாயும் திறந்திருக்கோ எண்டு பார்த்திட்டு உள்ள வாங்கோ.