12,000 ஆண்டுக்கு முந்தைய திடீர்க் குளிர்: வரைபடமாக வரைவது எப்படி?

ஆறாம் படிவப் புவியியல் இடுபணிக்கு ‘யங்கர் டிரையாஸ்’ எனப்படும் இந்தத் திடீர்க் குளிர்க் கட்டத்தை எடுத்திருக்கிறீர்களா? இணையத்தில் கிடக்கும் படத்தை வெட்டி ஒட்டாதீர்கள். மூலத் தரவு இலவசம். அரை மணி நேரத்தில் நீங்களே வரைந்துவிடலாம்.

1. அமெரிக்கப் பெருங்கடல், வளிமண்டல நிறுவனமான நோவாவின் (NOAA) தொல்காலநிலைக் காப்பகத்தில் ‘ஜிஸ்ப்-2’ (GISP2) என்று தேடி, பனியியல் ஆய்வாளர் ரிச்சர்ட் ஆலி 2000-இல் வெளியிட்ட வெப்பநிலைக் கோப்பை இறக்குங்கள். கிரீன்லாந்து உச்சியில் பனிப்படலத்தைத் துளையிட்டு எடுத்து, 1993-இல் 3,053 மீட்டர் ஆழத்தை எட்டிய பனித்தூணின் தரவு அது.

2. விரிதாள் மென்பொருளான லிபரே ஆபிஸ் கால்க்கில் வெறும் உரையாக ஒட்டுங்கள். பிரிப்பானாக ‘இடைவெளி’யைத் தேர்ந்து, அடுத்தடுத்த பிரிப்பான்களை ஒன்றாக்கும் பெட்டியிலும் குறியிடுங்கள். இல்லாவிட்டால் எண்களுக்கு நடுவே வெற்று நெடுவரிசைகள் முளைக்கும்.

3. பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஒரே கோப்பில் இரண்டு அட்டவணைகள் உள்ளன: மேலே வெப்பநிலை, கீழே ஆண்டுப் பனிப்படிவு. முழுவதையும் தேர்ந்தெடுத்தால், 50 ஆயிரம் ஆண்டு வரை போன கோடு சட்டென்று பூச்சியத்துக்குத் திரும்பி, படத்தின் குறுக்கே ஓடும். -40, -50 என்று வரும் மதிப்புகள் திடீரென 0.2 அளவுக்கு மாறும் இடத்தைக் கண்டுபிடித்து, அதற்குக் கீழே உள்ளதை அழித்துவிடுங்கள்.

4. ‘கோட்டு வரைபடம்’ வேண்டாம். அது வயதை வெறும் பெயராக எடுத்துக்கொண்டு எல்லாப் புள்ளிகளையும் சம தூரத்தில் வைக்கும். எக்ஸ்-ஒய் சிதறல் படம்தான் சரி. கோடுகள் நேராகவே இருக்கட்டும். வளைத்தாலோ நகரும் சராசரி போட்டாலோ, நாம் தேடும் அந்தத் திடீர்த் தன்மையே மழுங்கிவிடும்.

5. கிடை அச்சை 10 முதல் 16 வரை வைத்து, திசையைத் திருப்புங்கள். கோப்பில் வயது ஆயிரம் ஆண்டுக் கணக்கில் இருக்கிறது.

இப்போது 14.7 அருகே ஓர் ஏற்றம், 12.9 அளவில் இறக்கம், 11.7-ஐ ஒட்டி செங்குத்தான ஏற்றம் தெரியும். அந்தக் கடைசி ஏற்றத்தில், சில பத்தாண்டுகளுக்குள் ஏறத்தாழ 10 பாகை கூடியது. இது கிரீன்லாந்து உச்சியின் கதை. அந்த எண்களை நம் ஊருக்குப் பொருத்தாதீர்கள். அப்போது கடல்மட்டம் மிகத் தாழ்ந்திருந்ததால் பினாங்கு தீவாகவே இல்லை. பட்டர்வொர்த்திலிருந்து நடந்தே வந்திருக்கலாம்.

பின்சேர்க்கை: “கடைசிப் புள்ளிதானே இன்றைய வெப்பநிலை?” என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். இல்லை. இந்தக் கோப்பு 1950-இலிருந்து பின்னோக்கி எண்ணுகிறது. மிக அண்மைய புள்ளியான முதல் வரியின் வயது 0.095, அதாவது 1855. அண்மைய வெப்பமேற்றம் இதில் கிடையாது. கிரீன்லாந்தின் மற்றொரு பனித்தூணான என்கிரிப்பின் (NGRIP) தரவோ 2000-இலிருந்து எண்ணும். இரண்டையும் ஒரே படத்தில் போடுவதானால், ஜிஸ்ப் வயதுகளுடன் 0.05 கூட்டிவிட்டு, அச்சில் ‘2000-க்கு முன்’ என்று எழுதுங்கள்.