கேம்பர் வேனின் பிளைவுட் தரை ஊறாமல் இருக்க

படுக்கை, சமையல் வசதியோடு தங்கிப் பயணிக்கும் கேம்பர் வேனில், தரைப்பலகை நட்டநடுவில் கெடுவது அபூர்வம். கதவோரம், சிங்க்கின் அடி, மேசைக்கால் திருகிய இடம்: இங்கேதான் முதலில் கறுக்கும். பிளைவுட்டை அறுத்த விளிம்பில் மர இழைகளின் வாய் திறந்து கிடக்கிறது. விளக்குத்திரி எண்ணெய் இழுப்பதுபோல் அது தண்ணீரை இழுக்கும். திருகு போட்ட துளையும் அப்படித்தான். மேலே வினைல் விரிப்பு ஒட்டிவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். ஓரத்தில் நுழைந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் அடியிலேயே தங்கிவிடும்.

ஐ.எஸ். 710 (மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரநிலை) முத்திரையுள்ள 12 மி.மீ. மரைன் பிளைவுட் வாங்குங்கள். அதிலும் கொதிநீரைத் தாங்குவது அடுக்குகளை ஒட்டிய பசைதான். மரம் ஈரத்தை உறிஞ்சத்தான் செய்யும். ஆகவே பூச்சு கட்டாயம்.

முதலில் அறுப்பு, துளை எல்லாவற்றையும் முடித்து, பலகையை வேனுக்குள் வைத்துப் பார்த்துவிட்டு வெளியே எடுங்கள். பூசிய பிறகு அறுத்தால் அந்த விளிம்பு மறுபடி பூச்சில்லாத வெறும் மரம்தான். மேல், கீழ், நான்கு விளிம்பு என எல்லாப் பக்கமும் எபாக்சி (பிசினும் கடினமாக்கியும் கலந்து பூசும் பூச்சு) இரண்டு கோட். 8க்கு 4 அடிப் பலகை ஒன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ பிடிக்கும். விளிம்பு குடித்துக்கொண்டே இருக்கும்; பளபளப்பு நிற்கும்வரை அங்கே மட்டும் திரும்பத் திரும்பத் தடவுங்கள். வெயில் ஏறும் காலையில் பூசினால் மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து குமிழியாகக் கிளம்பும். வெயில் இறங்கும் மாலையே நல்லது. 200 கிராமுக்கு மேல் ஒரே கப்பில் கலக்காதீர்கள், சூடேறிக் கட்டியாகிவிடும். காய்ந்த முதல் கோட்டின் மேல் மெழுகுபோல் வழுவழுப்பு இருந்தால் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, உலர்ந்த பின்தான் உப்புத்தாள் போட வேண்டும்.

5 மி.மீ. திருகு வரும் இடத்தில் 10 மி.மீ. துளை போட்டு, நிரப்புப் பொடி கலந்து கெட்டியாக்கிய எபாக்சியால் அடைத்து, மறுநாள் அதன் நடுவில் சிறு துளையிட்டுத் திருகுங்கள். அப்போது திருகு வழியாக இறங்கும் தண்ணீர் மரத்தைத் தொடாது. வேலை கூடுதல்தான், ஆனால் தவிர்க்கக்கூடாதது இதுவே.

பலகைக்கும் சுவருக்கும் இடையே 4 மி.மீ. விட்டு, பி.யூ. (பாலியூரித்தேன்) சீலன்ட் நிரப்புங்கள். புளிக்காடி வாடை வரும் சிலிக்கோன் வேண்டாம். அந்த அமிலம் இரும்புத் தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். வேன் தகட்டில் கம்பெனி விட்டிருக்கும் வடிகால் துளைகளை எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள்.

ஏற்கெனவே நனைந்த தரையா? வினைலை உரித்து, ஈரமானியில் 15 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை உலர்த்துங்கள். ஸ்க்ரூடிரைவர் நுனி மெத்தென்று இறங்கினால் அந்தப் பகுதியை வெட்டி எடுப்பதே வழி. உளுத்த மரத்தின் மேல் எபாக்சி நிற்காது.

சிங்க்கின் அடியில் பம்ப், குழாய் இணைப்புகளின் கீழ் ஓரம் உயர்ந்த பிளாஸ்டிக் தட்டு ஒன்று வையுங்கள். அழுத்தம் குறைந்தால் தானே ஓடும் பம்ப் என்றால், எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது அது அவ்வப்போது ஒரு நொடி ஓடி நிற்கிறதா என்று இரவில் கேளுங்கள். ஓடினால் பெரும்பாலும் எங்கோ ஓர் இணைப்பு சொட்டுகிறது. காலையில் விரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிடுங்கள்.