நிலவு மண்ணில் நீர் எடுப்பது எப்படி? அடுப்பில் வைத்துப் பார்க்கும் கணக்கு

நிலவில் சுரங்கம் வேண்டுமா, வேண்டாமா என்று பள்ளியில் பட்டிமன்றம் வைத்தால் இரு அணியும் மனப்பாடம் செய்ததை ஒப்பித்துவிட்டு இறங்கிவிடும். முதல் நாள் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். அடுப்பு மட்டும் ஆசிரியர் பொறுப்பில் இருக்கட்டும்.

ஆற்றுமணல் இதற்கு உதவாது. காவிரி உருட்டி உருட்டி முனை மழுங்கிய மணல் அது. நிலவில் காற்றும் இல்லை, ஓடும் நீரும் இல்லை. துகள்கள் உடைந்த கண்ணாடிபோலக் கூராகவே கிடக்கின்றன. கல் உடைக்கும் கிரஷரில் விழும் தூள்தான் ஓரளவு பொருந்தும். (சந்திரயான்-2 சோதனைகளுக்கு இஸ்ரோ எடுத்தது நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பக்கத்து அனார்த்தசைட் என்ற, நிலவு மேட்டுநிலப் பாறையை ஒத்த பாறை.) பழைய சிடி ஒன்றில் ஆற்றுமணலையும் கிரஷர் தூளையும் தனித்தனியே துணியால் தேய்த்துக் கீறலை ஒப்பிடுங்கள். அப்பல்லோ வீரர்களின் உடையை இப்படித்தான் நிலவுத் தூசி அரித்தது. தூளைக் கையாளும்போது முகக்கவசம் கட்டாயம்.

நன்கு காய்ந்த தூள் 950 கிராம், தண்ணீர் 50 மி.லி. அதாவது 5 சதவீதம். 2009இல் நாசாவின் எல்கிராஸ் விண்கலம் மோதிய, நிலவின் தென்துருவக் கேபியஸ் பள்ளத்தில் கணக்கிட்ட அளவு ஏறத்தாழ 5.6 சதவீதம், நிலவெங்கும் அப்படி என்று எண்ணிவிடக் கூடாது. பிசைந்து டிபன் பாக்ஸில் அழுத்தி, இரவு முழுக்க ஃப்ரீசரில் வையுங்கள். காலையில் கரண்டியால் தோண்டிப் பாருங்கள், இறங்காது. நிலவில் வெயிலே படாத பள்ளங்களில் குளிர் மைனஸ் 200 டிகிரிக்கும் கீழே போகும். ஈர்ப்போ ஆறில் ஒரு பங்கு. அழுத்தித் தோண்டினால் இயந்திரமே மேலே எழும்பும்.

அடுத்து, அகலமான பாத்திரத்தின் நடுவே ஒரு கிண்ணம், சுற்றிலும் உடைத்த கட்டிகள். குழிந்த மூடியை, குழி கிண்ணத்துக்கு மேலே கீழ்நோக்கித் தொங்கும்படி வைத்து, மேலே ஐஸ் கொட்டுங்கள். குறைந்த தீயில் 40 நிமிடம். குக்கர் வேண்டாம், மூடியை இறுக்கவும் வேண்டாம். ஊற்றிய நீரில் பாதி கிண்ணத்தில் தேறினாலே நல்லது. ஓரத்தில் ஆவி கசியும். அடித்தூள் காய்ந்ததும் வெப்பத்தை மேலே விடாது. காற்றில்லாத இடத்தில் அந்தத் தொல்லை இன்னும் அதிகம். வெறும் மண்ணையும் சேர்த்துச் சூடாக்குவதில்தான் எரிபொருள் போகிறது என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பார்கள்.

இனி ஆதரவு அணியின் கணக்கு. 9 கிலோ நீரைப் பிரித்தால் 1 கிலோ ஹைட்ரஜன், 8 கிலோ ஆக்சிஜன்: ராக்கெட் எரிபொருளும் மூச்சும். பூமியிலிருந்து தூக்கிச் செல்லும் சுமை குறையும் என்பதே சுரங்கத்தின் உண்மையான லாபம். அணுக்கரு இணைவுக்கு எரிபொருளாகும் என்று சொல்லப்படும் ஹீலியம்-3 வாயுவின் பேச்சை மட்டும் தள்ளி வையுங்கள். நூறு கோடியில் 10 பங்கு என்று தாராளமாக வைத்தாலும் 1 கிலோவுக்கு ஒரு லட்சம் டன் மண் சலிக்க வேண்டும், 10 டன் லாரியில் 10,000 நடை. அதை எரிக்கும் அணுக்கரு இணைவு உலையும் இன்னும் இல்லை.

எதிரணி, காவிரி டெல்டாவில் புதிதாக எண்ணெய், எரிவாயு தோண்டத் தடை விதித்த 2020ஆம் ஆண்டின் வேளாண் மண்டலச் சட்டத்தை இழுக்கும். பாதி பொருந்தும்: நிலவில் வயலும் இல்லை, நிலத்தடி நீரும் இல்லை. ஆனால் "மண் யாருக்கு?" என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. 1967 விண்வெளி ஒப்பந்தப்படி எந்த நாடும் நிலவுக்கு உரிமை கோர முடியாது. தோண்டி எடுத்த பொருள் யாருக்கு என்று அதில் தெளிவாக இல்லை. அமெரிக்கா 2015இல் தன் குடிமக்களுக்கு அந்த உரிமையைச் சட்டமாக்கிக்கொண்டது. இந்தியா 2023 ஜூனில், நிலவு ஆய்வுக்கு அமெரிக்கா முன்னெடுத்த ஆர்ட்டெமிஸ் உடன்பாட்டில் கையெழுத்திட்டது. வாதம் சூடுபிடிப்பது இங்கேதான், அரை மணி ஒதுக்குங்கள்.

தூளை வாய்க்காலில் கொட்டாமல் காயவைத்து அடுத்த வகுப்புக்குக் கொடுங்கள்.