சென்னையிலிருந்து சிங்கப்பூர்: தூரத்தையும் நேரத்தையும் நீங்களே கணக்கிடலாம்

என் அம்மா சர்க்கரை நோயாளி. அவரைத் தனியாக விமானம் ஏற்றும்போது, டிக்கெட்டில் உள்ள மணியைவிட அவர் எத்தனை மணி நேரம் இருக்கையில் இருப்பார் என்பதே எனக்கு முக்கியம். மருந்தும் சாப்பாடும் அதைப் பொறுத்தவை.

முதலில் தூரம். தட்டையான வரைபடத்தை நம்பாதீர்கள். உலக உருண்டையில் இரு ஊர்களுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடியுங்கள். அதே நூலை நிலநடுக்கோட்டின் மேல் வைத்து, அது முழுச் சுற்றில் எத்தனை பங்கு என்று பாருங்கள். முழுச் சுற்று ஏறத்தாழ 40,000 கி.மீ. சென்னை–சிங்கப்பூர் சுமார் 2,900 கி.மீ. வரும்.

ஜெட் விமானத்தின் வேகத்தை மணிக்கு 850 கி.மீ. என்று கொண்டால் சுமார் 3 மணி 25 நிமிடம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலேறுவது, இறங்குவது எல்லாவற்றுக்கும் அரை மணிக்கு மேல் சேருங்கள். நான்கு மணி நேரத்தை ஒட்டி வரும்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி முன்னால். இரவு 11.30க்குக் கிளம்பி காலை 6.15க்கு இறங்கினால், 6 மணி 45 நிமிடத்தில் இரண்டரையைக் கழியுங்கள்: 4 மணி 15 நிமிடம். திரும்பும்போது கூட்டுங்கள். பலரும் தடுமாறுவது இங்கேதான்.

மாத்திரை அட்டவணையை இந்திய நேரத்திலேயே எழுதி, கைப்பையில் வைத்துவிடுங்கள். இன்சுலின் போடுபவர்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது அவசியம்.