வகுப்புக்கு வெளியே ஆங்கிலம்: அரசுப் பள்ளியில் ஆங்கில மன்றம் நடத்துவது எப்படி?

ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவர் எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் படித்திருப்பார். பாடநூலில் உள்ள கட்டுரையைப் பிழையின்றி எழுதவும் கூடும். ஆனால், "நேற்று மாலை என்ன செய்தாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார். இதற்கு அவருடைய அறிவுக் குறைவு காரணமன்று. நாற்பது பேர் உள்ள வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளையில் பாதி நேரம் ஆசிரியர் பேசினால், எஞ்சிய நேரத்தில் ஒரு மாணவருக்குக் கிடைப்பது அரை நிமிடம்தான். வருகைப் பதிவு, வீட்டுப்பாடத் திருத்தம் ஆகியவற்றைக் கழித்தால் அதுவும் மிஞ்சாது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத் தாள் முழுக்க முழுக்க எழுத்துத் தேர்வாக இருப்பதால், பேசுவதற்கென்று நேரம் ஒதுக்க வேண்டிய நெருக்கடியும் பள்ளிக்கு ஏற்படுவதில்லை. அந்த நேரத்தைப் பாடவேளைக்கு வெளியேதான் தேட வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் அதற்கான இடம் ஏற்கெனவே இருக்கிறது. இலக்கிய மன்றம், வினாடி வினா, சிறார் திரைப்படத் திரையிடல், கலைத் திருவிழா ஆகியவற்றைப் பள்ளிக் கல்வித் துறை 2022-23 கல்வியாண்டு முதல் முனைப்போடு நடத்தச் செய்துவருகிறது. இவற்றுக்குப் புறம்பாகப் புதிய அமைப்பு ஒன்றை உருவாக்கத் தேவையில்லை. நடக்கும் செயல்பாடுகளுக்குள்ளேயே ஆங்கிலத்தை நுழைத்துவிடுவது எளிது. தலைமையாசிரியரின் ஒப்புதலும் எளிதில் கிடைக்கும்.

செயலை முதலில் தேர்ந்தெடுங்கள்

"வாருங்கள், ஆங்கிலம் பேசிப் பழகுவோம்" என்று மாணவர்களை வட்டமாக உட்காரவைத்தால், முதல் நாள் நான்கு பேர் தங்கள் பெயரையும் ஊரையும் சொல்வார்கள். இரண்டாம் நாள் சொல்வதற்கு எதுவும் இருக்காது. பேச்சு என்பது ஏதோ ஒரு வேலையின் பொருட்டு எழுவது. ஆகவே, மாணவர்கள் விரும்பிச் செய்யக்கூடிய ஒரு வேலையை முதலில் முடிவு செய்து, அந்த வேலை ஆங்கிலத்தில் நடந்தாக வேண்டிய சூழலை அமைக்க வேண்டும். இந்த வழிகாட்டியில் வரும் செயல்பாடுகள் அனைத்தும் இந்த ஒரு நெறியிலிருந்து பிறந்தவையே.

உறுப்பினர்களாக எட்டு, ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைச் சேர்ப்பது நலம். பத்தாம் வகுப்பினருக்குச் சிறப்பு வகுப்புகளே மாலையை விழுங்கிவிடும். இருபது முதல் இருபத்துநான்கு பேர் வரை போதும். நன்றாகப் படிப்பவர்களை மட்டும் பொறுக்கி எடுக்கும் வழக்கத்தை இதில் உறுதியாகக் கைவிட வேண்டும். 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாகத் தொடங்கப்பட்ட பிறகு, ஒரே பள்ளிக்குள் தமிழ்வழி மாணவர்கள் தங்களைத் தாழ்வாக எண்ணும் நிலை பல இடங்களில் உண்டாகியிருக்கிறது. மன்றத்தில் இரு பிரிவினரும் சம எண்ணிக்கையில் இருந்து, ஒவ்வொரு இணையிலும் பிரிவுக்கு ஒருவராக அமர்ந்தால் அந்தத் தயக்கம் மெல்லக் குறையும்.

நேரத்தைப் பொறுத்தவரை, மாலை நான்கரை மணிக்குப் பிறகு மன்றம் வைத்தால் தொலைவிலிருந்து பேருந்தில் வருபவர்கள் விடுபட்டுப்போவார்கள். குறிப்பாகப் பெண் குழந்தைகளை வீட்டில் அனுமதிக்க மாட்டார்கள். மதிய உணவுக்குப் பிந்தைய இருபது நிமிடம் வாரத்தில் இரண்டு நாள், மன்றப் பாடவேளை ஒன்று என்ற அளவில் நிறுத்திக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

முதல் சில வாரங்கள்: மேடை வேண்டாம்

தொடக்கத்தில் எவரையும் எழுந்து நின்று பேசச் சொல்லக் கூடாது. அனைவரும் இருவர் இருவராக, ஒரே நேரத்தில், தாழ்ந்த குரலில் பேச வேண்டும். பன்னிரண்டு இணைகள் ஒரே நேரத்தில் பேசினால் பத்து நிமிடத்தில் ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடப் பேச்சு கிடைக்கிறது. வகுப்பறையில் அவருக்கு இரண்டு வாரத்தில் கிடைப்பதும் ஏறத்தாழ அவ்வளவுதான்.

இதற்கு மிகவும் பொருத்தமானது வரைபடப் பயிற்சி. பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களை ஒரு தாளில் வரைந்து, அதில் பேருந்து நிலையம், அஞ்சலகம், நியாயவிலைக் கடை, கூட்டுறவு வங்கி, மருந்துக் கடை ஆகியவற்றைக் குறித்து ஒரு மாணவரிடம் கொடுங்கள். அதே தெருக்கள் மட்டும் உள்ள, இடங்கள் குறிக்கப்படாத தாள் மற்றவரிடம் இருக்கட்டும். இருவரும் ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. "வேர் இஸ் த போஸ்ட் ஆபீஸ்?" என்று ஒருவர் கேட்க, மற்றவர் வழி சொல்ல, கேட்டவர் தம் தாளில் குறிக்க வேண்டும். முடிந்ததும் இரு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எங்கே வழி தவறியது என்பது இருவருக்கும் தெரிந்துவிடும். ஆசிரியர் மதிப்பெண் போட வேண்டிய தேவையே எழாது. பத்தாம் வகுப்பு வினாத்தாளில் வரைபடத்தைக் கொண்டு வழிகாட்டும் வினா இடம்பெறுவதால், "மன்றத்தால் மதிப்பெண் குறையுமோ" என்று கேட்கும் பெற்றோருக்கும் இதைக் காட்டலாம்.

தமிழில் பேசினால் அபராதம் என்ற விதியைத் தயவுசெய்து வைக்காதீர்கள். அபராதத்துக்கு அஞ்சும் குழந்தை ஆங்கிலத்துக்கு மாறுவதில்லை, பேச்சையே நிறுத்திவிடுகிறது. முதல் மாதத்தில் திட்டமிடுவது தமிழிலும், செய்து காட்டுவது ஆங்கிலத்திலும் இருக்கட்டும். தடுமாறும்போது கைகொடுக்கும் மூன்று, நான்கு தொடர்களை மட்டும் முதல் வாரத்திலேயே பழக்கிவிட வேண்டும்: "கேன் யூ சே தட் அகெய்ன்?", "ஹவ் டு யூ சே திஸ் இன் இங்கிலீஷ்?", "கிவ் மீ எ மினிட்". இவை கைவசம் இருக்கும் மாணவர் சொல் கிடைக்காதபோதும் உரையாடலை விட்டு வெளியேறுவதில்லை.

கபடிக் களத்தில் நேர்முக வர்ணனை

எல்லாச் செயல்பாடுகளிலும் நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். கபடியில் ஒரு ரெய்டுக்கு 30 நொடிதான். ஒரு மாணவர் இடைவிடாது பேசிப் பழக அதைவிடப் பொருத்தமான அளவு கிடைப்பது அரிது. ஒவ்வொரு ரெய்டுக்கும் ஓர் இணை வர்ணனை செய்யட்டும். ஒருவர் களத்தில் நடப்பதைச் சொல்ல வேண்டும். மற்றவர் ரெய்டு முடிந்ததும் புள்ளி நிலவரத்தையும், அடுத்து வருபவர் யார் என்பதையும் சொல்ல வேண்டும். பிறகு அடுத்த இணைக்கு முறை மாறும். அரை மணி நேர ஆட்டத்தில் எல்லோருக்கும் இரண்டு மூன்று முறை வாய்ப்பு வரும்.

ஆட்டத்துக்கு முந்தைய நாள் பன்னிரண்டு வினைச்சொற்களைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள்: கோஸ், டர்ன்ஸ், டச்சஸ், கேட்சஸ், எஸ்கேப்ஸ், ஜம்ப்ஸ் என்பன போன்றவை. படர்க்கை ஒருமையில் வினைச்சொல்லின் இறுதியில் வரும் சகர ஒலியை நம் மாணவர்கள் இலக்கணப் பயிற்சியில் சரியாக எழுதிவிட்டுப் பேச்சில் விட்டுவிடுவார்கள். வர்ணனையில் ஒவ்வொரு வாக்கியமும் படர்க்கை ஒருமையாகவே வருவதால், அந்த ஒலி நாவில் பலமுறை பயின்று படிகிறது. வாக்கியத்தை யோசித்து மொழிபெயர்க்க நேரமில்லாமல் போவதும் இதில் ஒரு நன்மை. களத்தில் ஆடுபவர் தம் நண்பர் என்பதால், வகுப்பில் வாய் திறக்காத பையன் இங்கே உரத்த குரலில் பேசுவதைப் பார்க்கலாம். கைப்பந்து, எறிபந்து ஆகியவற்றுக்கும் இதே முறை பொருந்தும்.

நாடகமும் பேச்சுப் போட்டியும்

ஆசிரியர் எழுதித் தந்த ஆங்கில உரையை மாணவர் மனப்பாடம் செய்து, கையை உயர்த்தித் தாழ்த்தி ஒப்பிப்பதே பல பள்ளிகளில் ஆங்கிலப் பேச்சுப் போட்டியாக இருக்கிறது. பரிசு கிடைக்கும், பெற்றோர் மகிழ்வர். ஆனால் அந்த உரையைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டால் மாணவரால் பதில் சொல்ல முடியாது என்றால், அதை மொழிப் பயிற்சி என்று என்னால் ஏற்க இயலவில்லை. அதற்குப் பதிலாக, தலைப்பைக் கொடுத்து ஐந்து நிமிடம் யோசிக்கவிட்டு, ஒரு சிறு தாளில் ஐந்து சொற்களை மட்டும் எழுதிக்கொள்ள அனுமதித்து, ஒரு நிமிடம் பேசச் செய்யுங்கள். பேச்சு முடிந்ததும் கேட்டிருந்தவர்களில் இருவர் ஆளுக்கொரு கேள்வி கேட்க வேண்டும். "எங்கள் ஊர்ச் சந்தை", "காலை உணவுக்கு எது நல்லது" போன்று மாணவர்களுக்குச் சொந்தமாகச் சொல்ல ஏதேனும் உள்ள தலைப்புகளே வேண்டும். சுற்றுச்சூழல் மாசு, கல்வியின் சிறப்பு போன்றவற்றைக் கொடுத்தால் மனப்பாடம் மீண்டும் வந்துவிடும்.

நாடகத்துக்கும் அச்சிட்ட வசனம் தேவையில்லை. தெனாலிராமன் கதை ஒன்றை மாணவர்கள் முதலில் தமிழில் நடித்துப் பார்க்கட்டும். அடுத்து, தெரிந்த ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறி நடிக்கட்டும். அதை ஆசிரியர் தம் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்துகொண்டு, கேட்டு, எழுதி, திருத்திக் கொடுத்தால் வசனம் தயார். தாங்களே உருவாக்கிய வாக்கியம் என்பதால் மேடையில் மறந்தாலும் வேறு சொற்களில் சொல்லிச் சமாளித்துக்கொள்வார்கள்.

வாசிப்புக்கு, பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம் பெரிதும் உதவும். அங்கே பல கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் தமிழில் படித்துக் கதையை உள்வாங்கிக்கொண்டு, பிறகு ஆங்கிலத்தில் படித்தால் அகராதியைப் புரட்டும் வேலை வெகுவாகக் குறையும். சுவரிதழும் அறிவிப்புப் பலகையும் எழுத்துப் பயிற்சிக்குப் போதும். இளம் செஞ்சிலுவைச் சங்கக் கூட்டம், விளையாட்டு விழா போன்றவற்றுக்கான உண்மையான அறிவிப்பை மன்றத்தினரே ஆங்கிலத்தில் எழுதி ஒட்டலாம்.

எதைத் திருத்துவது, எப்போது திருத்துவது

பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கிட்டுத் திருத்தக் கூடாது. ஆசிரியர் குறித்துக்கொண்டு, இறுதி ஐந்து நிமிடத்தில் யாருடைய பிழை என்று சொல்லாமல் பலகையில் எழுதி எல்லோரையும் திருத்தச் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு ஒரே வகைப் பிழை போதும். எவற்றை எதிர்பார்க்கலாம் என்பது நமக்கு முன்கூட்டியே தெரியும். ஏனெனில் அவற்றில் பெரும்பாலானவை தமிழின் அமைப்பிலிருந்தே வருகின்றன. "அவர் ஆசிரியர்" என்பதில் வினைச்சொல் இல்லாததால், "ஹி டீச்சர்" என்று வரும். தமிழில் வினாவுக்காகச் சொற்களின் வரிசை மாறுவதில்லை, ஆகவே "வேர் யூ ஆர் கோயிங்?" என்று வரும். இறந்தகாலத்தை இருமுறை குறித்து, "டிட் யூ வென்ட்?" என்பார்கள். "இல்லையா?" என்ற ஒரே சொல் எல்லா வாக்கியங்களுக்கும் பொருந்துவதால், "இஸின்ட் இட்?" என்பதையும் அவ்வாறே எங்கும் சேர்ப்பார்கள். தமிழில் எப்படிச் சொல்கிறோம், ஆங்கிலத்தில் எங்கே மாறுகிறது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் மாணவர்கள் வெட்கப்படுவதில்லை, வியப்போடு பார்ப்பார்கள்.

ஒலிப்பில் ஒன்றைச் சொல்ல வேண்டும். தமிழ் வகரம் மேற்பல்லும் கீழிதழும் இயையப் பிறப்பது. எனவே வேன், வெரி போன்ற சொற்களில் நமக்குச் சிக்கல் குறைவு. வெஸ்ட், ஒயின், வாட்டர் ஆகியவற்றின் முதல் ஒலிதான் புதியது. இதழைக் குவித்து "உ" என்று தொடங்கி அடுத்த உயிருக்கு நழுவச் சொன்னால், "உஎஸ்ட்" என்று சரியான ஒலி வந்துவிடும்; பல் உதட்டைத் தொடக் கூடாது. "எனக்கே உச்சரிப்பு சரியாக வராதே" என்று தயங்கும் ஆசிரியர்கள் ஆகாசவாணியின் ஆங்கிலச் செய்தியறிக்கையையோ, பிபிசி வழங்கும் இலவச ஆங்கிலப் பயிற்சி ஒலிப்பதிவுகளையோ உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஒலிக்கவிட்டு, மாணவர்களோடு சேர்ந்து தாமும் உடன்சொல்லிப் பழகலாம். ஆசிரியரும் பயில்கிறார் என்பதைப் பார்க்கும் குழந்தைகள் இன்னும் தாராளமாக வாய் திறப்பார்கள்.

முன்னேற்றத்தை அறிவது

சூன் மாத இறுதியில் ஒவ்வொரு மாணவரையும் ஒரு படத்தைப் பார்த்து ஒரு நிமிடம் பேசச் செய்து ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள். அரையாண்டுத் தேர்வுக்கு முன்னும், பிப்ரவரியிலும் வேறு படங்களைக் கொடுத்து அதையே செய்யுங்கள். மூன்று பதிவுகளையும் அந்த மாணவரிடமே கேட்கக் கொடுக்க வேண்டும். பிழைகளின் எண்ணிக்கையைவிட, எவ்வளவு நேரம் நிற்காமல் பேசினார், எதிர்பாராத கேள்விக்குப் பதில் சொல்ல முயன்றாரா என்ற இரண்டையுமே கவனித்தால் போதும். இந்தப் பதிவுகளை வாட்ஸ்அப் குழுக்களிலோ சமூக ஊடகங்களிலோ பெற்றோரின் ஒப்புதலின்றி வெளியிடக் கூடாது. ஒருமுறை கேலிக்கு உள்ளான குழந்தையை மீண்டும் பேசவைப்பது மிகக் கடினம்.

பிப்ரவரிப் பதிவு முடிந்ததும், ஒன்பதாம் வகுப்பினர் மன்றத்தின் பொறுப்பை எட்டாம் வகுப்பினரிடம் ஒப்படைக்கட்டும். வரைபடத் தாள்கள், வினைச்சொல் பட்டியல், பேச்சுத் தலைப்புகள் ஆகியவற்றை ஒரு கோப்பில் சேர்த்து நூலக அலமாரியில் வைத்துவிட்டால், ஆசிரியர் இடமாறுதலில் சென்றாலும் அடுத்த சூன் மாதத்தில் புதியவர் அந்தக் கோப்பைக் கொண்டே மன்றத்தைத் தொடரலாம்.