பாமினியில் தட்டிய கட்டுரைக்கு 0 வீதம்

தங்கச்சியின் ஆய்வுக் கட்டுரை வேறு எழுத்துகளோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று, எழுத்துத் திருட்டைக் கண்டுபிடிக்கும் இரண்டு இலவசத் தளங்களில் போட்டுப் பார்த்தேன், இரண்டுமே 0 வீதம் என்றன. இத்தனை மேற்கோள் இருக்கிற கட்டுரைக்கு அது எப்படி? ஒரு பந்தியை நோட்பேடில் ஒட்டியதும் விளங்கியது, தமிழே இல்லை, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடந்தது. திருநெல்வேலிச் சந்திக் கடையில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியிருக்கிறார்கள். அதில் எழுத்துரு மட்டும்தான் தமிழ், உள்ளே இருப்பது ஆங்கிலக் குறிகள், இணையத்து யுனிகோட் தமிழோடு அது ஒருநாளும் பொருந்தாது. யுனிகோடுக்கு மாற்றி மறுபடி போட்டேன். ஒன்று 12, மற்றது 27! இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது, எந்த வரி எங்கிருந்து என்று இணைப்போடு காட்டியது. அப்புறம் விரிவுரையாளர் டேர்னிட்டின் என்ற ஒப்புமை பார்க்கும் மென்பொருளில் உசாத்துணையையும் மேற்கோளையும் விலக்கிப் பார்த்தார். அப்படியும் ஒத்திருந்து மிஞ்சிய இரண்டு பந்திகளையும் தங்கச்சி இரவிரவாகச் சொந்த வசனத்தில் எழுதி, மூல நூலையும் குறிப்பிட்டாள்.