தட்டை நிலத்தை வரையப் பழகுதல்: கொன்ஸ்டபிளிடமிருந்து கற்கக்கூடியவை

யாழ்ப்பாணத்தில் நிலக்காட்சி வரையத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது, மலையும் அருவியும் இல்லாத இந்த நிலத்தில் எதை வரைவது என்ற கேள்வியில்தான். நாட்காட்டிப் படங்களைப் பார்த்துப் பனிமலை வரைந்து பழகிய கை, மரமற்றுப் பரந்து கிடக்கும் வல்லை வெளியின் முன்னால் தயங்கிவிடுகிறது. தட்டை நிலத்தை நேசித்து வரைந்த ஓர் ஓவியரின் வாழ்க்கையை ஊன்றிப் படித்து, அவர் பார்த்த முறையை நமது வெளிகளில் செய்துபார்ப்பதே இதற்கு நல்ல வழி. அதற்கு நான் பரிந்துரைப்பவர் ஆங்கில ஓவியர் ஜோன் கொன்ஸ்டபிள் (1776–1837).

ஓர் ஓவியரின் வாழ்க்கையைப் படிக்கும்போது அவர் பெற்ற பாராட்டுகளை விட, அவருடைய கண் எங்கே பழகியது என்பதைத் தேடுங்கள். சஃபொக் பகுதியிலுள்ள ஈஸ்ட் பேர்கோல்ட் என்னும் ஊரில் ஆலை உரிமையாளர் ஒருவரின் மகனாகப் பிறந்த கொன்ஸ்டபிள், இளமையில் தந்தையின் காற்றாலையில் வேலை செய்தார். காற்றாலையில் நிற்பவர் முகிலைப் பார்த்தே வரப்போகும் காற்றை அறியவேண்டும். அவருடைய படங்களில் வானம் வெறும் பின்புலமாக நின்றுவிடாமல் நிலத்தின் ஒளி முழுவதையும் தீர்மானிப்பதன் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

அடுத்து, அவர் யாரைப் பார்த்து வரைந்தார் என்று தேடுங்கள். ஒல்லாந்த ஓவியர் யாகோப் வன் ரூயிஸ்டாலின் படங்களைக் கொன்ஸ்டபிள் பிரதி செய்து பழகினார். ரூயிஸ்டால் வரைந்த ஹார்லம் நகரக் காட்சிகளில் அடிவானம் மிகத் தாழ்ந்திருக்கும். படப்பரப்பின் பெரும்பகுதி முகில்தான். ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய காலத்தில் ரூயிஸ்டால் தமது நாட்டில் வரைந்துகொண்டிருந்தார் என்பதை நினைத்துப் பார்த்தால், கோட்டை மதிலிலிருந்து பண்ணைக் கடலைப் பார்ப்பவருக்கு அந்த அடிவானம் அந்நியமாகத் தோன்றாது. அத்தகைய படம் ஒன்றை வர்ணம் இல்லாமல், வெளிச்சமும் இருளும் மட்டும் தெரியும்படி பென்சிலால் சிறிதாகப் பிரதி செய்யுங்கள். நம்மூர் ஓவியர் ஆசை இராசையாவின் (1946–2020) நிலக்காட்சிகளையும் இதே கண்ணோடு பாருங்கள்.

1821, 1822 ஆம் ஆண்டுகளில் கொன்ஸ்டபிள் லண்டன் பக்கத்து ஹாம்ப்ஸ்டெட்டில் முகில்களை மட்டுமே பல சிறு படங்களாக வரைந்து, அவற்றுள் பலவற்றின் பின்புறத்தில் திகதி, நேரம், காற்றின் திசை ஆகியவற்றைக் குறித்துவைத்தார். நீங்களும் நாவற்குழியிலோ அரியாலையிலோ ஓர் இடத்தைத் தெரிந்து, தபால் அட்டை அளவுத் தாளில், அடிவானத்தைக் கீழ்க் காற்பங்கில் வைத்து, அரை மணி நேரத்துக்குள் முடியும்படி வரையுங்கள். பின்புறத்தில் நேரத்தோடு, வீசும் காற்று சோழகமா (தெற்கிலிருந்து வருவது), வாடையா (வடக்கிலிருந்து வருவது), கச்சானா (மேற்கிலிருந்து வருவது) என்றும் எழுதுங்கள். சோழகத்தில் புழுதி ஏறி வானம் அடிவானத்தருகே வெளிறிப்போகும். வாடையில் மழைமுகில் தாழ்ந்து கடனீரேரி ஈயநிறம் கொள்ளும்.

நண்பகலில் பனையோலை பச்சையாகத் தெரியாது. விரிந்த ஓலையின் மேற்புறம் ஒளிபட்டு வெள்ளியாக மின்னும். அதன் கீழே தொங்கும் காய்ந்த ஓலைகளான காவோலைகளே படத்துக்குத் தேவையான இருண்ட கபில நிறத்தைத் தரும். ஆகவே வெளிச்சம் விழும் ஓலைக்குத் தாளின் வெண்மையை விட்டுவைத்து, காவோலையிலிருந்து தொடங்குங்கள். கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்பாட்டு நிலத்தில் விழும் நிழலுக்குக் கறுப்பைத் தொடவேண்டாம். செங்கபில வர்ணமான பேர்ண்ட் சியென்னாவோடு அல்ட்ராமரின் நீலத்தைச் சிறிது கலந்தால் மண்ணின் சூடு நிழலிலும் நிற்கும்.

பெரிய படத்தை வெளியில் வைத்து முடிக்கவேண்டிய கட்டாயம் இல்லை. 1821 இல் காட்சிக்கு வைத்த ‘வைக்கோல் வண்டி’ என்ற பெரும் படத்தைக் கொன்ஸ்டபிள் லண்டனில் இருந்தபடி, முன்னர் வரைந்த குறிப்புப் படங்களைக் கொண்டே உருவாக்கினார். நீங்களும் சிறு தாள்களை வீட்டில் பரப்பிவைத்து வரையலாம். ஆனால் ஒரே காற்றும் ஒரே பொழுதும் குறித்த தாள்களை மட்டும் ஒன்றுசேருங்கள். காலையில் வரைந்த வானத்தின் கீழே மாலையில் வரைந்த பனங்கூடலை வைத்தால், நிழல் ஒரு பக்கமும் முகிலின் வெளிச்சம் மறுபக்கமுமாக விழுந்து படம் பொய்யாகிவிடும்.